நர்சிங் உரிமத் தேர்வு: எதை முதலில் செய்வது?



விசைத்தறி ஓட்டியும் சிறு கடை வைத்தும் மகளை நர்சிங் படிக்க வைத்த குடும்பங்கள் நமது சங்கரன்கோவில் வட்டாரத்தில் உண்டு. படிப்பை முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால் இங்கே பணியாற்றலாம். வெளிநாடு செல்ல அது மட்டும் போதாது. சவூதிக்கும் துபாய்க்கும் புரோமெட்ரிக் மையத்தில் கணினித் தேர்வு எழுத வேண்டும், அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு. தவறினால் மறுபடியும் கட்டணம். வாங்கிய கடனோ காத்திருக்காது. எனவே இத்தேர்வு எதைச் சோதிக்கிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கல்லூரித் தேர்வில், "இரத்தம் ஏற்றும்போது வரும் பக்க விளைவுகளை எழுதுக" என்பார்கள். மனப்பாடம் கைகொடுக்கும். உரிமத் தேர்வின் கேள்வி வேறு மாதிரி இருக்கும்:

இரத்தம் ஏற்றத் தொடங்கிய 10 நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வருகின்றன. செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன?
அ) மருத்துவருக்குத் தெரிவிப்பது
ஆ) இரத்தம் செல்வதை நிறுத்துவது
இ) பாராசிட்டமால் கொடுப்பது
ஈ) இரத்த அழுத்தம் பார்ப்பது

நான்குமே வார்டில் நடப்பவைதான். அதனால்தான் பலர் தடுமாறுகிறார்கள். விடை ஆ. பொருந்தாத இரத்தமாக இருந்தால், உள்ளே போகும் ஒவ்வொரு துளியும் ஆபத்தைக் கூட்டும். நிறுத்திய பிறகு புதிய குழாயில் நார்மல் சலைன் போட்டு நரம்பைத் திறந்து வைக்க வேண்டும். நாடி, அழுத்தம் பார்த்து மருத்துவரை அழைக்க வேண்டும். இரத்தப் பையையும் குழாயையும் இரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். ஆக, தேர்வு கேட்பது இந்த வரிசையைத்தான்.

வரிசையைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்:

1. மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற ஒழுங்கில் பாருங்கள். வலியால் சத்தமிடுபவரைவிட, திடீரென மூச்சுத் திணறுபவரே முதலில்.

2. செயலுக்கு முன் பரிசோதனை. டிகாக்சின் கொடுக்குமுன் ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவருக்கு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆனால் மேலே கண்ட கேள்வி போல அறிகுறியைக் கேள்வியே சொல்லிவிட்டால், செயல்தான் விடை.

3. கணக்கைத் தினமும் போடுங்கள். 1000 மில்லி சலைன், 8 மணி நேரம், மில்லிக்கு 20 துளி செட். 1000 × 20 ÷ 480 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி.

என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு 2023 ஏப்ரல் முதல் இந்தத் தீர்மானிக்கும் திறனை இன்னும் ஆழமாகச் சோதிக்கிறது. 5 மணி நேரத்தில் 85 முதல் 150 கேள்விகள் வரை வரும். ஒரே நோயாளியைப் பற்றித் தொடர் கேள்விகளும் இருக்கும்.

மாணவிகள் தினமும் 20 கேள்விகள் போட்டால் போதும். ஆனால் விடை சரியானாலும், மற்ற மூன்றும் ஏன் சரியல்ல என்று தோழிக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். சொல்ல முடியாத இடம்தான் மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அசல் கேள்விகள் எங்களிடம் இருக்கின்றன" என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். அது தேர்வு விதிக்கு எதிரானது. அப்படியே தேறினாலும், நாளை அந்த இரத்தப் பையின் அருகே நிற்கப் போவது உங்கள் மகள்தான். அங்கே படுத்திருப்பவரும் யாரோ ஒருவரின் தாய்.

நமது பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.