மீதிப் பெயிண்டைக் காப்பாற்றுவோம்!



பொங்கல் வந்தால் நம் ஊரில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்போம், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்போம். போன வருடம் அப்பா ஜன்னல் கம்பிக்கு ஒரு லிட்டர் பச்சை எனாமல் வாங்கி வந்தார். பாதி மிச்சம். "பத்திரமா மூடி வை பாப்பா, அடுத்த வருஷம் கதவுக்கு ஆகும்" என்றார். நான் மூடியைக் கையால் அமுக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

இந்த வருடம் திறந்தால் மேலே தடித்த தோல், அடியில் ரப்பர் மாதிரி. குச்சிகூட இறங்கவில்லை. அப்பா திட்டவில்லை. "அரை நாள் கூலி போச்சு" என்று மட்டும் சொன்னார். பொங்கலுக்கு எங்கள் கதவு பழைய கதவாகவே நின்றது. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெயிண்டர் மாமாவிடமும் அறிவியல் டீச்சரிடமும் கேட்டு இதை எழுதுகிறேன்.

ஏன் கெட்டியாகிறது?

துணி காய்வது போல எனாமலும் காய்கிறது என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. முதலில் தின்னர் ஆவியாகிறது. பிறகு பெயிண்டில் உள்ள எண்ணெய், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. அப்படி ஆனதைத் தின்னர் ஊற்றினாலும் பழையபடி ஆக்க முடியாது. பாதி டப்பா பெயிண்ட் என்றால் மீதிப் பாதி காற்று! மூடியிருந்தாலும் உள்ளே இருக்கிற காற்றே ஏடு கட்ட வைத்துவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

1. மிச்சத்தைச் சின்னக் காலிப் பெயிண்ட் டப்பாவில் கழுத்து வரை ஊற்ற வேண்டும். காற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

2. டப்பா விளிம்பைத் துணியால் துடைக்க வேண்டும். நான் செய்த தப்பு இதுதான். விளிம்பில் பெயிண்ட் காய்ந்தால் மூடி சரியாக உட்காராது.

3. மூடிமேல் கட்டை வைத்து, சுற்றிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும்.

4. தின்னர் கலந்த பெயிண்டை நல்ல பெயிண்டோடு சேர்க்கக் கூடாது.

5. நிறம், தேதி, எதற்கு அடித்தது என்று டப்பாமேல் எழுத வேண்டும்.

லேசாக ஏடு கட்டியிருந்தால் அதைக் கலக்கிவிடாதீர்கள். ஓரத்தில் அறுத்து முழுதாக எடுத்துவிட்டு, பழைய துணியில் வடிகட்டினால் அடியில் உள்ளது உதவும்.

மற்றவை

எமல்ஷன் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட். அழுக்குத் தண்ணீரும் அழுக்குப் பிரஷும் பட்டால் கிருமி வளர்ந்து நாற்றம் அடிக்கும். சிமெண்ட் பெயிண்ட் பவுடருக்கு ஈரம்தான் எதிரி. பையை இறுக்கிக் கட்டி, பலகைமேல் வைக்க வேண்டும். கரைத்ததைச் சில மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். நீற்றிய சுண்ணாம்புக்கோ தண்ணீர்தான் காவல்! காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டால்தான் அது கல்லாகும். மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் பல மாதம் இருக்கும். மாமா மறுநாள் வேலைக்கான எனாமல் பிரஷைத் தண்ணீரில் போட்டு வைப்பதும் காற்று படாமல் இருக்கத்தான்.

கவனம்!

தின்னரைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தம்பி தங்கை தண்ணீர் என்று குடித்துவிடும். அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள், சீக்கிரம் தீப்பிடிக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா பரணில் இருந்தால் அடிக்க வேண்டாம். மாட்டுக் கொம்புக்கும் வேண்டவே வேண்டாம். மாடு ஒன்றை ஒன்று நக்கும், ஈயம் விஷம்.

பொங்கல் முடிந்து மாமா கால் லிட்டர் பச்சை கொடுத்தார். மேலே சொன்னபடி மூடி வைத்தேன். ஆடி மாதம் திறந்தேன். ஏடே இல்லை! கதவின் கீழ்ப் பாதிக்கு அடித்தோம். மேல் பாதி அடுத்த பொங்கலுக்கு. இந்தத் தடவை மூடியைத் தட்டியது அப்பா இல்லை, நான்தான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? இன்றைக்கே உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி