ஆடிக் காற்றிலிருந்து எலுமிச்சையைக் காப்பது எப்படி?

கேள்வி: இரண்டு ஏக்கரில் எலுமிச்சை இருக்கிறது. ஆடிக் காற்றில் பூவும் பிஞ்சும் கொட்டுகின்றன. தோட்டம் முழுக்க வலை போடலாமா?
- ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: முழுக்க வேண்டாம். மேலே வலை போர்த்துவது ஆலங்கட்டி மழை அடிக்கடி விழும் நாடுகளுக்கு. ஆஸ்திரேலியாவில் அப்படிச் செய்கிறார்கள். உங்களைப் படுத்துவது பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று. உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று.

ஒரு காயைப் பறித்துப் பாருங்கள். தோலில் பழுப்புக் கீறல் இருக்கும். காற்றில் கிளை ஆடும்போது அதன் முள்ளே கிழித்தது அது. மழை பெய்தால் அந்தக் காயம் வழியே சொறிநோய் பாக்டீரியா நுழைந்துவிடும். பிஞ்சு உதிர்வதைவிட இதுதான் எனக்குக் கவலை.

மேற்கு, தென்மேற்கு வேலியில் சவுக்கை இரண்டு வரிசையாக, முக்கோண நடவில் வையுங்கள். அது வளரும்வரை 50 சதவீத நிழல்வலையைக் கம்பம் நட்டுச் செங்குத்தாகக் கட்டுங்கள். வலையின் கண்கள் வழியே பாதிக் காற்று போக வேண்டும். தார்ப்பாய் கட்டினால் காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று விழுந்து மரத்தை முறிக்கும். தடுப்பின் உயரத்தைப்போல சுமார் பத்து மடங்கு தூரம் காற்றின் வேகம் தணியும். கம்பங்களை ஆனிக்கு முன்பே நட்டுவிடுங்கள்.