கோட்டு போட்டால் குளிர் போய்விடுமா?

கேள்வி: நண்பர்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டம் நடத்துகிறேன். கதை இப்போது ஐஸ்விண்ட் டேல் என்ற பனிப் பிரதேசத்தில். நான் பனியை வர்ணித்து வர்ணித்து அலுத்துவிட்டேன், அவர்களுக்கோ குளிர் உறைக்கவே இல்லை. நானும் கொடைக்கானலைத் தாண்டிய குளிரைப் பார்த்தவனில்லை. என்ன செய்ய?

பதில்: கோளாறு உங்கள் வர்ணனையில் இல்லை, கோட்டில் இருக்கிறது. 2014 விதிநூல்படி, மைனஸ் 18 செல்சியஸோ அதற்குக் கீழோ போனால் மணிக்கொரு தரம் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குமா என்ற சோதனை) உருட்டி 10 எடுக்க வேண்டும். தவறினால் களைப்பு ஒரு படி ஏறும். +2 வைத்திருப்பவர் நூற்றுக்கு 35 தடவை தவறுவார். மூன்றாம் படி வந்துவிட்டால் இரண்டு தரம் உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும் என்பதால் அந்த 35, 58 ஆகிவிடும். ஆறாம் படி மரணம். கொடூரமான விதிதான். ஆனால் தடித்த குளிருடுப்பு போட்டவர் உருட்டவே வேண்டாம் என்றும் அதே விதி சொல்கிறது. உங்கள் ஆட்கள் முதல் ஊரிலேயே கோட்டு வாங்கியிருப்பார்களே?

ஆகவே கோட்டைக் குறிவையுங்கள். நனைந்த உடுப்பு குளிருடுப்பில் சேராது என்பது என் மேசைச் சட்டம், புத்தகத்தில் தேடாதீர்கள். நனைக்கும் வழி புத்தகத்திலேயே உண்டு. ஏரிமேல் உறைந்த மெல்லிய பனித்தரை 10 அடிச் சதுரத்துக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு மூன்று 10 பக்கப் பகடைகளை உருட்டிப் பத்தால் பெருக்கச் சொல்கிறார்கள். சராசரி 165 பவுண்டு. முழு இரும்புக் கவசம் மட்டுமே 65 பவுண்டு. முதலில் விழப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாம் லெவலில் மந்திரவாதி 'டைனி ஹட்' கற்றுவந்து கதகதப்பான கூடாரம் போடுவார். தடுக்காதீர்கள். அதில் அவரோடு ஒன்பது பேர்தான் அடங்குவார்கள். சறுக்குவண்டி இழுத்த நாய்கள் எங்கே படுக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

வர்ணனையைக் குறைத்து உடம்பைப் பேசுங்கள். மூச்சிழுத்தால் மூக்குமுடி விறைக்கும். தோல்பையில் தண்ணீர் கட்டியாகிவிடும், அதைக் கோட்டுக்குள் வைத்துத்தான் நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் வியர்க்கும், நின்றதும் அந்த வியர்வையே எதிரி.

'ரைம் ஆஃப் த ஃபிராஸ்ட்மெய்டன்' (2020) என்ற ஐஸ்விண்ட் டேல் சாகசநூல் கையில் இருந்தால் இன்னொன்று. அதில் சில ஊர்கள் ஆரில் என்னும் குளிர்த் தேவதைக்கு அமாவாசை இரவில் கதகதப்பையே காணிக்கையாகக் கொடுக்கின்றன. விடியும்வரை எந்த வீட்டிலும் நெருப்பு மூட்டமாட்டார்கள். ஏரியில் விழுந்து எழுந்த உங்கள் கவசக்காரர் அந்த இரவில் அங்கே போய்க் கதவைத் தட்டட்டும்.