சலுகையும் பாத்தியதையும்
காட்டுக் குடியிருப்புகளும் கிராம சபையின் கடமையும்

சலுகைக்கும் பாத்தியதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அநுபவத்தில் அறிவர். லேவாதேவிக்காரர் மனமிரங்கிக் கொடுக்கும் கடன் சலுகை. அதை அவர் நாளைக்கே நிறுத்திவிடலாம். ஏன் நிறுத்தினீர் என்று கேட்க இடமில்லை. சங்கத்தின் உபவிதிகளை அநுசரித்து ஓர் அங்கத்தினர் தமது மனுவை ஆலோசிக்கும்படி கோருவதோ பாத்தியதை. மறுக்கப்பட்டால் அவர் காரணம் கேட்கலாம். பொதுச் சபையில் எழுந்து பேசலாம். மேல் அதிகாரிக்கு முறையிடலாம். காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வரும் ஜனங்களின் சரித்திரம் இவ்விரண்டு சொற்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அவர்களுடைய பாத்தியதை சலுகையாகக் குறுகிய விதத்தையும், அது மறுபடியும் பாத்தியதையான விதத்தையும், அதனை நிலைநிறுத்தக் கிராம சபை செய்ய வேண்டுவதையும் இப்பாடம் விளக்குகிறது.

1. பாத்தியதை குறுகிய விதம்

சென்னை மாகாணத்தில் 1882-ம் வருஷத்தில் வனச் சட்டம் ஏற்பட்டது. ஒரு காட்டை ரிசர்வ் செய்வதற்கு முன்னர் அங்கு யாருக்கேனும் பாத்தியதை உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. இதற்கென வன செட்டில்மெண்டு அதிகாரி ஒருவர் நியமிக்கப்படுவார். அவர் பிரகடனம் வெளியிட்டு, மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை கொடுத்து, பாத்தியதை கோருவோர் எழுத்து மூலமாகவோ நேரில் வந்தோ தெரிவித்துக்கொள்ளும்படி அறிவிப்பார். தவணைக்குள் கோரப்படாத பாத்தியதை அற்றுப்போகும்.

காகிதத்தில் பார்த்தால் இவ்வேற்பாட்டில் குறை காண்பது அரிது. ஆனால் எழுத்தறியாமல், தாலுகாக் கச்சேரியைக் கண்டிராமல், மலைமேல் வாழ்ந்த ஜனங்களுக்குப் பிரகடனம் எட்டுவது எங்ஙனம்? தங்கள் தெய்வமும் முன்னோரின் சமாதியும் இருக்கும் காட்டைத் தங்களுடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு உண்டாக நியாயமில்லை. ஆகவே கிராமத்து ரயத்துகள் மேய்ச்சலுக்கும் பாதைக்கும் கோரிக்கை கொடுத்துப் பதிவு செய்துகொண்ட இடங்களிலுங்கூட, காட்டுக்குள் இருந்தவர்கள் பதிவில் இடம்பெறாமற் போவது எளிதாயிற்று.

வேறு மாகாணங்கள் பலவற்றில் அமுலான 1927-ம் வருஷத்து இந்திய வனச் சட்டம் இவ்விஷயத்தை இன்னும் வெளிப்படையாகவே கூறிவிட்டது. காட்டை வெட்டிச் சுட்டு இடம் மாற்றிப் பயிரிடும் முறையை எக்காலத்தும் ஒரு சலுகையாகவே கொள்ள வேண்டும் என்றும், சர்க்கார் அதனைக் கட்டுப்படுத்தலாம், குறைக்கலாம், ஒழிக்கலாம் என்றும் அதன் பத்தாவது பிரிவு விதித்தது. அன்றுமுதல் காட்டுவாசி அதிகாரியின் தயவை நம்பி வாழ்பவரானார். அதிகாரி நல்லவராயின் வாழ்வு சுகமாயிருக்கும். அவர் மாற்றலாகிப் போனால் சுகமும் உடன் போய்விடும்.

2. சோளகர் கண்ட அநுபவம்

இதற்குப் பிளிகிரிரங்கன் மலைச் சோளகரின் வாழ்க்கை தெளிவான உதாரணம். இம்மலை இப்போது கர்நாடகத்துச் சாமராஜநகர் ஜில்லாவில் இருக்கிறது. மலையின் ஒரு பகுதி அடங்கிய கொள்ளேகால் தாலுகா 1956 வரையில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சத்தியமங்கலம் காடுகளிலும் சோளகர் வாழ்கின்றனர். அவர்கள் தங்கள் குடியிருப்பைப் போடு என்பர்.

1974-ம் வருஷத்தில் இம்மலை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இடம் மாற்றிப் பயிரிடுவதும் வேட்டையும் நின்றன. ஜனங்கள் நிலையான குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். அதன்பின் அவர்களுக்கு முக்கிய ஜீவனம் தேன், நெல்லிக்காய், சீயக்காய், பாசி முதலிய சிறு வனப்பொருள்களைச் சேகரிப்பதே. அவற்றை வாங்கி விற்பதற்குப் பழங்குடியினரின் பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. ஒப்பந்தக்காரர் இருந்த இடத்தில் சங்கம் வந்தது ஜனங்களுக்கு ஆறுதலளித்தது.

ஆனால் சேகரிப்பும் சலுகையாகவே இருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2002-ல் திருத்தப்பட்டபின், சரணாலயங்களிலிருந்து வனப்பொருள்களை விற்பனைக்கு எடுப்பது தடுக்கப்பட்டது. சில வருஷங்களுக்குள் இம்மலையிலும் தடை அமுலுக்கு வந்தது. சேகரித்தவர் கூலி இழந்தனர். சங்கம் வியாபாரம் இழந்தது. கூட்டுறவாளர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு சங்கம் எவ்வளவு ஒழுங்காக நடைபெற்றாலும், அது விற்கும் பொருளின்மீது அங்கத்தினருக்குப் பாத்தியதை இல்லையெனில், ஓர் உத்தரவினால் அதன் அஸ்திவாரமே பெயர்ந்துவிடும்.

3. 2006-ம் வருஷத்துச் சட்டம்

பட்டியல் பழங்குடியினர் மற்றும் ஏனைய பாரம்பரிய வனவாசிகளின் வன உரிமைகளை அங்கீகரிக்கும் சட்டம் 2006-ல் பார்லிமெண்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2008 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்தன. வனவாசிகளுக்குச் சரித்திரத்தில் அநீதி இழைக்கப்பட்டது என்பதை இச்சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. இச்சட்டம் புதிய தானம் எதுவும் செய்யவில்லை. முன்பே இருந்து பதிவாகாமற்போன பாத்தியதையை அங்கீகரிக்கிறது.

இதில் கிடைக்கும் பாத்தியதைகள் இருவகை. முதலாவது, குடும்பத்துக்குரியது. 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்னரே அநுபோகத்தில் இருந்த நிலத்துக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் பட்டா கிடைக்கும். மணமானவராயின் கணவன் மனைவி இருவர் பெயரிலும் அது பதிவாகும். வாரிசுக்குச் செல்லுமேயன்றி, விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது. பழங்குடியல்லாத வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கு வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, சமூகத்துக்குரியது. வனப்பொருள்களைச் சேகரித்து விற்றல், மேய்ச்சல், மீன்பிடித்தல், வழக்கமாகக் காத்துவந்த காட்டை நிர்வகித்தல் ஆகியன இதில் அடங்கும். காட்டுக் கிராமங்களையும் சர்வே ஆகாத குடியிருப்புகளையும் வருவாய்க் கிராமங்களாக மாற்றவும் இடமுண்டு. பள்ளிக்கூடம், குடிநீர், சாலை போன்ற வசதிகளுக்குக் கிராம சபையின் சிபார்சின்மேல், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம் ஒதுக்கலாம்.

இப்பாத்தியதைகளை விசாரித்துத் தீர்மானிக்கும் காரியத்தைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு மனுக்களைப் பெற்று, நேரில் சென்று பார்த்து, அறிக்கை கொடுக்கும். சபை தீர்மானம் செய்து உட்கோட்டக் கமிட்டிக்கு அனுப்பும். ஜில்லாக் கமிட்டி முடிவு செய்யும். 1882-ல் அதிகாரி பிரகடனம் செய்ய, ஜனங்கள் அவரைத் தேடிப்போக வேண்டியிருந்தது. இப்போது விசாரணை ஜனங்களின் சபையில் ஆரம்பமாகிறது.

பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பல குக்கிராமங்கள் சேர்ந்த பெரிய பஞ்சாயத்தின் சபையில், மலைமேலுள்ள முப்பது வீட்டுக்காரரின் குரல் அமுங்கிப்போகும். ஆகவே 2012-ல் திருத்தப்பட்ட விதிகள், அத்தகைய இடங்களில் குக்கிராமத்துக்கென்றே சபை கூடவேண்டும் என்கின்றன. அங்கத்தினரில் பாதிப்பேருக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றிலொரு பங்காவது ஸ்திரீகளாக இருக்க வேண்டும்.

4. ருஜு சேகரித்தல்

காகிதம் இல்லாதவர் எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? இச்சட்டத்தின் விதிகள் சர்க்கார் தஸ்தாவேஜுகளோடு நின்றுவிடவில்லை. வீடு, கிணறு, சுடுகாடு, கோயில், புனித ஸ்தலங்கள் ஆகியவையும் ருஜுவாகும். முதியோரின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதுவும் ருஜுவே. குறைந்தது இருவகை ருஜு இருந்தாற் போதும்.

சோளகர் இவ்வழியையே பின்பற்றினர். தெய்வம் உறையும் இடம், முன்னோருக்கு நட்ட கல், நீர்ச்சுனை என நூற்றுக்கணக்கான ஸ்தலங்கள் ஒவ்வொரு குலத்துக்கும் உரியனவாக மலை முழுவதும் பரவியிருந்தன. ஆராய்ச்சியாளர் துணையுடன் அவற்றை நேரில் நடந்து அளந்து படத்தில் குறித்தனர். 2011 ஜனவரியில் மலை புலிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வருஷம் அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. புலிக் காப்பகம் ஒன்றினுள் இத்தகைய பாத்தியதை அங்கீகரிக்கப்பட்டதற்கு இதுவே முதல் உதாரணமாகச் சொல்லப்படுகிறது.

காலதாமதத்தின் அபாயமும் இங்கே கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2008-ம் வருஷத்து நீதிமன்ற உத்தரவொன்றினால் பட்டா வழங்குவது தடைப்பட்டிருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பின்னரே வழி திறந்தது. எட்டு வருஷத்தில் ஒரு கிராமத்தின் முதியோர் பலர் மறைந்துவிடக் கூடும். எழுதி வைக்கப்படாத வாக்குமூலம் அவர்களுடனேயே போய்விடும்.

5. பத்திரம் கிடைத்த பின்னர்

பத்திரம் கிடைத்த மாத்திரத்தில் காரியம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவிலுள்ள மேந்தா என்னும் கோண்டு ஜனங்களின் கிராமம் சான்று. 2009-ல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டின்மீது அதற்குச் சமூக உரிமை கிடைத்தது. சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள்களில் சேர்த்திருந்தது. ஆயினும் மூங்கிலை வெளியே கொண்டுசெல்ல வேண்டிய அநுமதிச் சீட்டு கிராமத்துக்குக் கிடைக்கவில்லை. வெட்டலாம், ஆனால் வண்டியிலேற்ற முடியாது என்றால் அந்தப் பாத்தியதையால் பயன் என்ன? கிராமத்தார் விடாது வாதாடினர். 2011 ஏப்ரல் 27-ந் தேதி, மத்திய மந்திரி ஜெயராம் ரமேஷும் மாநில முதல் மந்திரி பிரிதிவிராஜ் சவானும் மேந்தாவுக்கு வந்து, அநுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடமே ஒப்படைத்தனர்.

அக்கிராமத்தின் பலம் அந்நாளில் திடீரென்று பிறந்ததன்று. பல வருஷங்களாகவே அங்கு படிப்பு வட்டங்கள் நடந்து வந்தன. ஒரு விஷயத்தை முதலில் வட்டத்தில் கூடி ஆராய்வர். வேண்டுமானால் வெளியிலிருந்து விஷயம் தெரிந்தவரை அழைத்துக் கேட்பர். பின்னரே சபையில் தீர்மானிப்பர். தீர்மானம் வாக்குகளை எண்ணிச் செய்யப்படாமல் எல்லோரும் இசைந்த பின்னரே செய்யப்படும். சட்டத்தின் வாசகத்தைக் கிராமத்தாரே கற்றிருந்தமையால், தங்கள் வழக்கைப் பிறர் தயவின்றி எடுத்துச் சொல்ல முடிந்தது.

6. பாத்தியதையோடு வரும் கடமை

குடிகளுக்குப் பாத்தியதை கொடுத்தால் காடு அழியுமே என்ற கவலை வன இலாகாவில் பலருக்கு உண்டு. அதனை அலட்சியம் செய்தலாகாது. காட்டை இழந்தால் முதலில் வறண்டுபோவது காட்டுவாசியின் சுனையே. சட்டமும் இதை மறக்கவில்லை. வனவிலங்கு, காடு, நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவற்றைக் காப்பதும், அவற்றுக்குத் தீங்கு விளைக்கும் செயலைத் தடுப்பதும் கிராம சபையின் கடமை என்று ஐந்தாவது பிரிவு கூறுகிறது. குறிப்பிட்ட தேதிக்குப் பின் காட்டை வெட்டி நிலமாக்கியவருக்கு அது அடைக்கலம் தருவதில்லை.

விலங்குகளுக்கு இன்றியமையாத இடம் என்று ஒரு பகுதியை ஒதுக்கி ஜனங்களை வேறிடத்தில் குடியேற்றவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஜனங்கள் இருப்பதால் மீட்கமுடியாத சேதம் விளையும் என்பதும், சேர்ந்து வாழ வேறு வழியில்லை என்பதும் முதலில் நிரூபிக்கப்பட வேண்டும். கிராம சபை விஷயமறிந்து சுயேச்சையாகச் சம்மதிக்க வேண்டும். புதிய இடத்தில் நிலமும் வசதிகளும் முடிவுபெற்ற பின்னரே குடியேற்றம் நடைபெற வேண்டும்.

காட்டைக் காப்பதில் குடிகளின் அறிவும் தள்ளத்தக்கதன்று. முற்காலத்தில் வறட்சிப் பருவத்தில் தாங்கள் சருகுக்கு இடும் சிறு தீ, உண்ணிச்செடியைப் பரவவிடாமலும், நெல்லி மரத்தில் புல்லுருவி மிகாமலும் தடுத்தது என்றும், தீ முழுதும் தடுக்கப்பட்ட பின் இவ்விரண்டும் பெருகின என்றும் சோளகர் கூறுகின்றனர். இதை ஆராய்ச்சியாளரும் பதிவு செய்துள்ளனர். இலாகாவின் கல்வியும் குடிகளின் பழக்கமும் ஒரே பாயில் அமர்ந்து ஆலோசிக்க வேண்டிய விஷயம் இது.

7. சங்கத்தார் செய்யத்தக்கவை

காட்டை அடுத்துள்ள கூட்டுறவுச் சங்கங்கள் இதில் பெரிதும் உதவக்கூடும். நடவடிக்கைப் புத்தகம் எழுதுதல், கோரம் பார்த்தல், கணக்கு வைத்தல், தணிக்கைக்கு ஆயத்தமாதல் ஆகிய பயிற்சி சங்கத்தாருக்கு முன்பே உண்டு. குக்கிராம சபைக்கு வேண்டுவதும் அதுவே. தீர்மானம் சரியாக எழுதப்படாமையாலும், வந்தவர் கையொப்பமோ ரேகையோ பதியாமையாலும், நியாயமான மனுவுங்கூடத் திரும்பிவிடலாம். எழுத்தறிந்த ஓர் அங்கத்தினர் மாதத்தில் ஒருநாள் மலைக் குடியிருப்புக்குச் சென்று முதியோர் சொல்வதை எழுதிக் கொடுப்பாராயின், அது ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கும். அவர் எழுதுவது அவர்கள் சொன்னதாகவே இருக்க வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டாமல் ரேகை வாங்கலாகாது.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்:

1. நமது பஞ்சாயத்து எல்லையில் காட்டுக்குள்ளோ காட்டோரத்திலோ உள்ள குடியிருப்புகள் எவை? அவற்றுக்கெனத் தனியாகச் சபை கூடுகிறதா?

2. வன உரிமைக் குழு உண்டா? அதில் ஸ்திரீகள் எத்தனை பேர்?

3. சங்கம் வாங்கி விற்கும் வனப்பொருள்கள் யாருடைய பாத்தியதையின் பேரில் வருகின்றன? அதற்குப் பத்திரம் உண்டா, அல்லது வெறும் அநுமதி மட்டுமா?

4. குடியிருப்பின் எல்லையையும் கோயிலையும் சமாதியையும் அறிந்த முதியோர் யார் யார்? அவர்கள் வாக்குமூலம் எழுதப்பட்டிருக்கிறதா?

நான்காவது வினாவுக்கு விடை இல்லை என்றிருக்குமாயின், மற்றவற்றுக்கு முன்னதாக அதனையே கவனித்தல் வேண்டும்.