ஒரே திறப்பு, ஒரே இழப்பு

வீட்டுக்கும் நெல் அறைக்கும் ஒரே திறப்பு என்றால், அது களவுபோனால் இரண்டும் போகும். கடவுச்சொல்லும் அப்படியே. 2012இல் லிங்ட்இன் நிறுவனத்தில் களவுபோன கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் 2016இல் விற்பனைக்கு வந்தன. கள்வர் அவற்றை மற்றக் கணக்குகளிலும் போட்டுப் பார்ப்பர்.

நாம் செய்யக்கூடியவை:

1. ‘ஹாவ் ஐ பீன் போன்ட்’ இணையத்தளத்தில் எமது மின்னஞ்சல் முகவரியை இட்டால், அது எந்தக் களவில் அகப்பட்டதெனக் கட்டணமின்றிக் காட்டும்.

2. அகப்பட்டிருந்தால், அந்தக் கடவுச்சொல்லைப் பாவித்த எல்லா இடத்திலும் மாற்றுவோம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறாக, நீளமாக வைப்போம். மறந்துபோகுமெனில், கொப்பியில் எழுதிக் காணி உறுதியோடு பத்திரப்படுத்துவோம்.

3. இடம்பெயர்ந்து தொலைபேசி இலக்கம் மாறினால், வங்கிக்கு உடனே அறிவிப்போம். பழைய இலக்கம் வேறொருவர் கைக்குப் போனால், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் அவருக்கே போகும்.

அடுத்த கூட்டத்தில், பிள்ளைகளின் உதவியோடு எல்லோரும் சோதித்துப் பார்ப்போம்.