காலமறிந்து கட்டப்படும் வால்

கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்களுள் பல நீந்தவல்லன. நீந்துதற்குரிய உறுப்பை அவை எவ்வொழுங்கில் ஆக்குகின்றன என்பதை இங்கு நோக்குவோம்.

நாம் வாழும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், 1982ஆம் ஆண்டில், மருத்துவர்களான பாரி மார்ஷல், றொபின் வாரன் ஆகியோரின் ஆய்வில் இரைப்பைப் பற்றீரியா ஒன்று வளர்த்தெடுக்கப்பட்டது. ஹெலிக்கோபக்டர் பைலோரி எனப் பின்னர் பெயர்பெற்ற அதுவே இரைப்பைப் புண்ணுக்குப் பெருங்காரணம் என நிறுவியமைக்காக இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். சவுக்குமுளைகள் எனும் நுண்ணிழைகளைச் சுழற்றி, அமிலத்தினின்று தப்பி, இரைப்பைச் சுவரின் சீதப்படைக்குள் அது புகுகின்றது. நீந்த இயலாதவை அங்கே நிலைபெறுவதில்லை.

சவுக்குமுளை ஆக்கப்படும் முறை, உணவு நஞ்சாதலை விளைக்கும் சல்மொனெல்லாவில் மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இதற்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேண்டும். நீண்ட இழை ஒன்றிலே பிளாஜெலின் எனும் புரத மூலக்கூறுகள் ஏறத்தாழ 20,000 உள்ளன. இத்துணைச் செலவுள்ள வேலையைப் பற்றீரியா மூன்று படிகளில் நடத்துகின்றது.

முதற்படியில், சூழல் ஏற்றதாயின், தலைமை மரபணுக்கள் இரண்டு விழித்தெழுகின்றன. அவற்றின் புரதங்கள் இரண்டாம்படி மரபணுக்களை இயக்க, கலச்சுவரில் சுழலும் அடித்தளமும் அதன்மேல் வளைந்த கொக்கியும் அமைகின்றன. மூன்றாம்படியிலேயே இழைக்குரிய பிளாஜெலின் உண்டாகும்.

கொக்கி முற்றுப்பெற்றதைக் கலத்தினுள் இருக்கும் மரபணு எவ்வாறு அறியும்? மூன்றாம்படியைத் தொடக்கவல்ல சிக்மா 28 எனும் புரதத்தை, எவ்.எல்.ஜி.எம். எனும் சிறு புரதம் பற்றிப் பிடித்து வைத்திருக்கும். கொக்கி முடிந்ததும், அதன் நடுவிலுள்ள குழாய் வழியே அக்காவற்புரதம் வெளியேற்றப்படுகின்றது. விடுபட்ட சிக்மா 28 இழை மரபணுக்களை இயக்குகின்றது. கெலி ஹியூஸ் முதலிய ஆய்வாளர் 1993இல் இதனை வெளிப்படுத்தினர். அடித்தளம் அமையுமுன் இழைப்புரதத்தை ஆக்கின் அது வீணே. ஆதலால், கட்டடமே தன் நிறைவை அறிவிக்கின்றது.

நிறுத்துவதற்கும் காலமுண்டு. நம் உடலின் காவற்கலங்கள் பிளாஜெலினைப் பகையின் அடையாளமாக இனங்காண்கின்றன. எனவே, அக்கலங்களுள் புகுந்த சல்மொனெல்லா அதன் ஆக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றது. இவ்வொழுங்கைக் குலைத்து நோயைத் தடுக்கும் வழிகளை ஆய்வாளர் தேடிவருகின்றனர்.

மாணவர்களே! 'காலமறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அறிவற்ற நுண்ணுயிரிலும் அவ்வொழுங்கு விளங்கக் காண்கின்றோம். அடித்தளம் உறுதியான பின்னரே அடுத்த படி என்பதை மொழி பயிலும் நாமும் மனங்கொள்வோமாக.