பிரேக்கரைக் கையால் போடத் தெரிந்தவர்கள்

அன்புத் தம்பி,

“எங்கள் ஆலையின் கன்ட்ரோல் கணினிகள் இன்டர்நெட்டோடு சேரவே இல்லையே அண்ணா, யார் உள்ளே வர முடியும்?” என்று கேட்டிருக்கிறாய். உக்ரைன் மின்வாரியப் பொறியாளர்களுக்கும் அந்தத் தைரியம் இருந்திருக்கும்.

2015 டிசம்பர் 23, பிற்பகல். இவானோ-பிராங்கிவ்ஸ்க் நகரின் மின் கட்டுப்பாட்டு அறையில் ஓர் ஆபரேட்டரின் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. ஒரு துணை மின்நிலையத்தின் பிரேக்கரைத் தேடிப் போய் ஆஃப் செய்தது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கணினி அவரை வெளியே தள்ளியது. மறுபடி நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டு மாறியிருந்தது. அன்று மூன்று விநியோக நிறுவனங்களில் சுமார் 30 துணை மின்நிலையங்கள் நின்றன. ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருளில். கடுங்குளிர் காலம் அது.

இத்தனைக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் கன்ட்ரோல் கணினிகளுக்கும் நடுவே ஃபயர்வால் இருந்தது. அதை யாரும் உடைக்கவில்லை. பல மாதங்களுக்கு முன்பே, மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பை அலுவலகத்தில் யாரோ திறந்து, மேக்ரோவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். நுழைந்தவர்கள் அவசரப்படாமல் உள்ளேயே கிடந்து பாஸ்வேர்டுகளைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் வெளியிலிருந்து கன்ட்ரோல் கணினிக்குள் வரப் பயன்படுத்திய விபிஎன் பாஸ்வேர்டும் அதில் கிடைத்தது. கைப்பேசிக்கு வரும் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அங்கே இல்லை. ஆகவே, ‘சேரவில்லை’ என்று சொல்வதற்கு முன், இயந்திரம் விற்ற நிறுவனம் எந்த வழியாக இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலரான உங்கள் பிஎல்சியைப் பழுது பார்க்கிறது என்று கேள். அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறதா என்றும் கேள்.

இங்கே கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் 2019-ல் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அது நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில்தான். உலையை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. பிரித்து வைத்திருப்பது பெரிய பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் உக்ரைனிலும் அலுவலகக் கணினியில்தான் தொடங்கியது.

உக்ரைனில் ஊடுருவியவர்கள் மின்சாரத்தை நிறுத்தியதோடு விடவில்லை. துணை மின்நிலையங்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் கருவிகளின் உள்மென்பொருளை அழித்தார்கள். கட்டுப்பாட்டு அறையின் யுபிஎஸ்ஸையே நிறுத்தினார்கள். மக்கள் புகார் சொல்ல முடியாதபடி தொலைபேசி எண்களைப் போலி அழைப்புகளால் அடைத்தார்கள். அப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. எப்படி என்கிறாய்? ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணை மின்நிலையமாகப் போய், பிரேக்கரைக் கையால் போட்டார்கள். பழைய கருவிகள் என்பதால் கைப்பிடி இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும் திரையிலேயே செய்து பழகிய புதிய ஆலைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் பாய்லரைத் திரை இல்லாமல் பத்திரமாக நிறுத்த, ஒரு ஷிப்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2017-ல் சவுதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில், விபத்து நேராமல் காக்கும் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள்ளேயே ஊடுருவியவர்கள் கைவைத்தார்கள். அதன் முகப்பில் ஒரு சாவி உண்டு. ‘ரன்’ நிலையில் இருந்திருந்தால் புரோகிராமை மாற்ற முடிந்திருக்காது. ஆலைக்காரர்கள் அதை ‘புரோகிராம்’ நிலையிலேயே விட்டிருந்தார்கள். நல்லவேளை, கன்ட்ரோலர் தானே ஆலையை நிறுத்தியதால் விஷயம் வெளிவந்தது. நாளைக்கு உங்கள் பேனலைத் திறந்து சாவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் ஸ்கேனிங் மென்பொருள் எதையும் போட்டுப் பார்க்காதே. பழைய பிஎல்சிகள் அதற்கே திணறி நின்றுவிடக்கூடும். அப்டேட்டும் அப்படித்தான், ஷட்டவுன் வரை பொறுத்து, விற்பனையாளரிடம் உறுதி செய்துகொண்டு போடு. பிஎல்சி புரோகிராமின் நகலை எந்தக் கணினியோடும் சேராத டிஸ்க்கில் வைத்து, உதிரி கன்ட்ரோலரில் ஏற்றிப் பார். ஏற்றிப் பார்க்காத நகலை நம்பாதே.

உங்கள் அடுத்த ஷட்டவுன் எப்போது? அதற்குள் விற்பனையாளர் பழுது பார்க்க வரும் அந்த ரிமோட் இணைப்பை யார் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள் என்று விசாரித்து எழுது. கையால் இயக்கும் ஒத்திகைக்கு ஒரு நாள் ஒதுக்கும்படி உன் மேலாளரிடம் இப்போதே கேட்டு வை.

அன்புடன்,
அண்ணன்